பைக் பயணம் வலிக்காமல் இருக்க 60,000 ரூபாய் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ராமநாதபுரத்தில் குடியிருக்கிறேன். கடல் உணவு ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்கு நண்டு, கணவாய் கொள்முதல் செய்யும் வேலை. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி, மூக்கையூர், சில நாள் தூத்துக்குடி என்று மாதம் 2,000 கிலோமீட்டர் பைக்கில்தான். மூன்று வருடம் ஆன 150 சிசி வண்டி, தவணை முடிந்துவிட்டது. சாயல்குடி போய்ச் சேர்வதற்குள் இடுப்பும் மணிக்கட்டும் கடுத்துவிடுகிறது. ஒரு கடையில் சீட் 8,000, விண்ட்ஷீல்டு 5,500, ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் 4,500, வெளிநாட்டு ஷாக் அப்சார்பர் 22,000, ஸ்டாண்டோடு பக்கப்பெட்டிகள் 14,000, ஃபாக் லைட் 6,000, ஆக மொத்தம் 60,000 ரூபாய் சொல்கிறார்கள். 80 பைசா வட்டி, 24 மாதத் தவணை. சம்பளம் 18,000, கிலோ கணக்கில் வரும் கமிஷன் சுமார் 9,000. பெட்ரோல் படி கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். வண்டிக்கு 5 வருட இன்சூரன்ஸ் இருக்கிறது. தவணையில் செய்யலாமா, மனைவியின் செயினை அடகு வைக்கலாமா, இல்லை 350 சிசி வண்டிக்கே மாறிவிடலாமா?

- வாசகர், ராமநாதபுரம்

பதில்: செலவு செய்யுங்கள், கடன் வாங்காதீர்கள். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டிச் சம்பாதிக்கிறவர் சீட்டுக்கும் டயருக்கும் செலவழிப்பதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

படி மாதம் 7,000 ரூபாய் வருகிறது. வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 44 லிட்டருக்குச் சற்று மேல் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் பெட்ரோல் 4,400 சொச்சம்தான். மிச்சம் 2,600 ரூபாய் இப்போது மளிகைக்கடையில் கரைந்துகொண்டிருக்கும். அது உங்கள் வருமானம் இல்லை. டயர், செயின், ஆயில், தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கம்பெனி அதைக் கொடுக்கிறது. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, படி வந்த அன்றே 2,000 ரூபாயை அதில் தள்ளுங்கள். சர்வீஸ் போக, ஆறு மாதத்தில் நல்ல சீட்டுக்கும் இன்னும் ஒன்றிரண்டு பொருளுக்கும் கையில் காசு நிற்கும்.

அடுத்து, நூறு ரூபாய்க்கு மாதம் 80 பைசா என்கிற அந்த வட்டி. கேட்கச் சல்லிசாகத்தான் இருக்கிறது, வருடத்துக்கு 9.6 சதவீதம். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 60,000-க்கும் வட்டி போடுகிறார்கள். 24 மாதத்துக்கு வட்டி 11,520, தவணை 2,980. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் வட்டி சுமார் 17.5 சதவீதம். செயல்பாட்டுக் கட்டணம் இருந்தால் அது வேறு. எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர விகிதத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைக் கேளுங்கள், பேச்சு மாறும்.

வட்டியை விட எனக்குக் கவலை மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுச் சரக்கை மட்டும் நம்பி அந்த இரண்டு மாதமும் உங்கள் கமிஷன் என்னவாகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். தவணைக்குத் தடைக்காலம் கிடையாது. செயினை வைத்தால் வட்டி குறையலாம், ஆனால் கழட்டி விற்றால் பாதி விலைக்குக்கூடப் போகாத பொருளுக்காகத் தங்கத்தை அடகு வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இனி பட்டியலுக்கு வருவோம். முதலில் காசில்லாமல் ஆகிற வேலைகள். பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். வண்டியோடு வந்த ஸ்பேனரால் அதை ஒரு படி ஏற்றி, தராசும் பையும் ஏற்றிய நிலையில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். டயர் காற்றைக் காலையில், வண்டி சூடாவதற்கு முன்னால், வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்குச் சரிபாருங்கள். கிளட்ச், பிரேக் லீவர் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தால் மணிக்கட்டு மடங்கியே இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, முன்னங்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி திருப்பி இறுக்கினால் பாதி கடுப்பு அடங்கிவிடலாம். அப்படியானால் 4,500 ரூபாய் ரைசர் தேவையே இல்லை. ரைசர் போட்டே ஆக வேண்டுமென்றால், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, கேபிளும் பிரேக் ஹோஸும் விறைக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

சீட்டுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். கடையில் உட்கார்ந்ததும் மெத்தென்று இருப்பதை நம்ப வேண்டாம். மெத்தென்ற ஃபோம் ஒரு மணி நேரத்தில் அடிவரை அமுங்கி, கீழே இருக்கும் தட்டு எலும்பில் முட்டும். அழுத்தமான ஃபோம், உட்காரும் இடத்தில் கொஞ்சம் அகலம், முன்பக்கம் சரியாத மட்டம். இதை உள்ளூர் குஷன் கடைக்காரரே உங்களை உட்கார வைத்து அளவெடுத்துச் செய்து கொடுப்பார்; ரெடிமேட் சீட்டுக்குச் சொன்ன 8,000-ஐ விடக் குறைவாகவே முடியும். சித்திரை வெயிலில் கறுப்பு ரெக்சின் சுடும், மேலே காற்றோடும் வலைக் கவர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

விண்ட்ஷீல்டு சின்னதாக இருக்கட்டும். ஆடியில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது பாம்பன் சாலைப் பாலத்தில் உயரமான கண்ணாடியும் அகலப் பெட்டியும் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். தராசுக்கும் மாற்றுடைக்கும் துணிப்பை போதும். கழட்டி அடுத்த வண்டிக்கும் மாட்டலாம். இரும்பு ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம். 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டிருக்கிறார்கள். உங்கள் ஸ்டாண்டின் பெயிண்ட் எம்மாத்திரம்?

22,000 ரூபாய் ஷாக் அப்சார்பர் மூன்று வருட 150 சிசி வண்டிக்கு அதிகம். பழையதில் ஆயில் கசிந்தால் கம்பெனி உதிரிபாகமே போதும். ஃபாக் லைட்டுக்காக ஒயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள், உப்புக்காற்றில் அந்த இணைப்புதான் முதலில் பச்சை பூக்கும். சைலன்சர், எஞ்சின் பக்கம் கடைக்காரர் பேச்சை இழுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ சிறையோ உண்டு.

350 சிசி ஆசை நியாயமானதுதான். 2025 செப்டம்பரில் அந்த அளவு வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஆனால் லிட்டருக்கு 33 கிலோமீட்டர் என்றால் பெட்ரோல் மாதம் 6,000 தாண்டும், படியில் மிச்சம் ஆயிரத்துக்குக் கீழே போய்விடும். புதுத் தவணையும் சேரும். இப்போது வேண்டாம். இத்தனை செய்தும் இடுப்பு வலி நிற்கவில்லை, கால் மரத்துப்போகிறது என்றால் அடுத்த செலவு மருத்துவருக்கு, மெக்கானிக்குக்கு அல்ல.

கடைசியாக, நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்ட அந்த 5 வருட இன்சூரன்ஸ். புது வண்டியோடு கட்டாயமாக வருவது 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்குமான பகுதி பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் அப்படித்தான். பாலிசியை எடுத்து இரண்டின் தேதியையும் பாருங்கள். முடிந்திருந்தால் சொந்தச் சேதத்துக்குத் தனி பாலிசியே கிடைக்கிறது. விட்டுப்போனதால் வண்டியை நேரில் பார்த்தோ படம் எடுத்தோதான் கொடுப்பார்கள். அதை இந்த வாரமே முடியுங்கள், சீட் அதற்குப் பிறகு. புதிதாக மாட்டும் பொருள்களை பில்லோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காத பொருளுக்கு இழப்பீடு கேட்க முடியாது.