மூன்று வாரக் குழந்தைக்குப் பால் நேரமும் தூக்க நேரமும் பழக்கலாமா?

உங்கள் குழந்தைக்கு மூன்று வாரம் ஆகிறது. பகலெல்லாம் அசந்து தூங்குகிறது, இரவானால் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பால் என்று இப்போதே பழக்கிவிட்டால் தூக்கமும் ஒழுங்குக்கு வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போதும் தூக்கி வைத்திருந்து கெட்ட பழக்கம் ஆகிவிடுமோ என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

மணி பார்த்துப் பால் கொடுப்பதை இப்போது தொடங்க வேண்டாம். பகல் எது, இரவு எது என்று குழந்தைக்குக் காட்டுவதை இன்றைக்கே தொடங்கலாம். இது இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் என் மூத்தவள் விஷயத்தில் நான் தவறு செய்தேன்.

அவள் பிறந்து பன்னிரண்டாம் நாள் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். காலை 6, 9, 12, 3 என்று நாள் முழுவதற்கும் எட்டு வேளை. இரண்டு மணி நேரம் ஆகும்போதே அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வாயைத் திறப்பாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். அழுவாள், அழுது களைத்துத் தூங்கிவிடுவாள். ஒன்பது மணிக்கு எழுப்பிப் பால் கொடுத்தால் ஐந்து நிமிடம் சப்பிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். குழந்தை சமத்தாக இருக்கிறது, பழகிவிட்டது என்று நினைத்தேன்.

இருபத்தோராம் நாள் எடை பார்க்கப் போனபோது பிறந்த எடைக்கே அவள் இன்னும் வரவில்லை. எடை போட்ட செவிலியர் என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். திட்டவில்லை. “இதைக் கொஞ்ச நாள் மூடி வைம்மா. பிள்ளை கேட்கிறபோதெல்லாம் கொடு, அடுத்த வாரம் வா” என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் 250 கிராம் ஏறியிருந்தது. சமத்து என்று நான் நினைத்தது பசியில் வந்த களைப்பு. இப்போதும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

ஏன் அப்படி ஆனது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சின்னது. முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பாலே போதும். பத்து நாள் ஆனாலும் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 60 மில்லிதான் கொள்ளும். தாய்ப்பால் சீக்கிரம் செரித்தும் விடும். அதனால்தான் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டும் சரியான இடைவெளியில் வராது. சாயங்காலம் ஆறிலிருந்து பத்துக்குள் நாலைந்து தடவை கேட்கும், அப்புறம் ஒரே மூச்சாக மூன்று மணி நேரம் தூங்கும். பால் பற்றவில்லையோ என்று பயந்து போவோம். எடை ஏறிக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, இந்த வயதில் அது இயல்பு.

இன்னொரு பக்கம் தாயின் உடம்பு. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு தானாகக் குறைந்துவிடும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் இருக்கும். முதல் சில வாரங்களில் இரவுப் பாலை வலிந்து நிறுத்தினால் மொத்தச் சுரப்புமே குறையக்கூடும். தூக்கத்துக்காகச் செய்வது பாலில் போய் இடிக்கும்.

நாலு மணி நேரக் கணக்கைப் பெரியவர்கள் சிலர் உறுதியாகச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தைச் சேர்ந்த ட்ரூபி கிங் என்ற மருத்துவர், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பால், இரவில் பால் கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அது பல நாடுகளுக்குப் பரவி, ஒரு தலைமுறையே அப்படி வளர்த்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார்கள். 1989-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலுக்கென்று வெளியிட்ட பத்து வழிமுறைகளில், குழந்தை கேட்கும்போது கொடுப்பதும் ஒன்று.

அப்படியானால் கடிகாரமே வேண்டாமா? ஒரு காரியத்துக்கு வேண்டும். குழந்தை பிறந்த எடையைத் திரும்ப எட்டும்வரை, அதாவது பெரும்பாலும் பத்திலிருந்து பதினான்கு நாள் வரை, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிக் கொடுக்க வேண்டும். கடிகாரம் எழுப்புவதற்குத்தான், காக்க வைப்பதற்கு இல்லை. எடை திரும்பி, நாளுக்கு ஆறு டயப்பராவது நனைந்து, மருத்துவரும் சரி என்று சொல்லிவிட்டால் இரவில் அதுவாக எழும்வரை விட்டுவிடலாம். உங்கள் கேள்வியில் எடையைப் பற்றி எதுவும் இல்லை. அதை முதலில் பார்த்துவிடுங்கள். நல்ல எடை ஏற்றம் என்றால் இந்த மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம்.

பசியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அழுகைக்குக் காத்திருக்காதீர்கள். அழுகை கடைசி அடையாளம். அதற்கு முன்னாலேயே தூக்கத்தில் இமைக்குள் கண் உருளும், நாக்கை நீட்டும், சப்புக்கொட்டும், கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் வாயைத் திருப்பும். கையைப் பாருங்கள். பசியோடு இருக்கும் குழந்தை முஷ்டியை இறுக்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும். குடிக்கக் குடிக்க விரல் ஒவ்வொன்றாகப் பிரியும். வயிறு நிறைந்ததும் கை துவண்டு கீழே விழும். தூக்கி விட்டால் அப்படியே தொங்கும். என் இளையவனுக்கு நான் பார்த்ததெல்லாம் அந்தக் கையைத்தான். புட்டிப்பால் கொடுத்தாலும் இதே அடையாளம்தான். புட்டியில் மீதி இருக்கிறதே என்று திணிக்காதீர்கள்.

சரி, இரவு விழிப்புக்கு வருவோம். குழந்தை வேண்டுமென்று செய்வதில்லை. இருட்டினால் தூக்கம் வரவைக்கும் மெலடோனினை நேரத்துக்குச் சுரக்கும் ஒழுங்கு அதன் உடம்பில் இன்னும் உருவாகவில்லை. அது இரண்டு மூன்று மாதத்தில்தான் பிடிபடும். அதுவரை நாம்தான் அதற்குப் பகலும் இரவும். காலையில் ஒரே நேரத்தில் திரையை விலக்கி வெளிச்சம் விடுங்கள். பகல் தூக்கத்துக்கு வீட்டை இருட்டாக்க வேண்டாம், பாத்திரச் சத்தம், பேச்சுச் சத்தம் இருக்கட்டும். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே தூக்கமாகத் தூங்கினால் மெல்ல எழுப்பிப் பால் கொடுங்கள். இரவில் இதற்கு நேர்மாறு. மங்கலான விளக்கு, பேச்சு வேண்டாம், முகத்தைப் பார்த்துக் கொஞ்ச வேண்டாம், டயப்பர் மலம் போயிருந்தாலோ நன்றாக நனைந்திருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். கைபேசி வெளிச்சமும் வேண்டாம். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் அது இருப்பதே தெரியாது. பாலைப் பீய்ச்சி எடுத்து வைப்பவர்கள் எடுத்த நேரத்தைப் புட்டியில் எழுதி, இரவில் எடுத்ததை இரவிலேயே கொடுக்கலாம்.

இன்னொன்றை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, உடம்பு அசைந்துகொண்டே இருக்கும் தூக்கம். முனகும், நெளியும், காலை உதைக்கும், ஒரு நொடி கண்ணைக்கூடத் திறக்கும். விழித்துவிட்டது என்று நாம் பாய்ந்து தூக்கினால் உண்மையிலேயே விழித்துக்கொள்ளும். இளையவன் நாலாம் வாரத்தில் ஒரு இரவு இரண்டு மணிக்கு அப்படி முக்கினான். எழப்போன என் கையைக் கணவர் பிடித்துக்கொண்டு “இரு, பார்ப்போம்” என்றார். இருட்டில் இருவரும் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு முறை முனகினான், ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். அடுத்து நாலு மணிக்குத்தான் எழுந்தான். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அழுதால் தூக்குங்கள், முனகினால் விடுங்கள்.

ஆறாம் வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போகும், அதிலும் சாயங்காலங்களில். அந்த நேரத்தில் எந்த ஒழுங்கையும் தொடங்காதீர்கள். தொடங்கியது தோற்றுவிட்டது என்று மனசு விட்டுப் போகும். அந்த வாரங்களைக் கடந்தால் போதும்.

எட்டாம் வாரம் வாக்கில் நோட்டை மறுபடி எடுக்கலாம், கட்டம் போடாமல். மூன்று நாலு நாள் என்ன நடக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். எப்போது குடித்தது, எப்போது கண்ணைத் தேய்த்தது, எப்போது தூங்கியது. பார்த்தால் அதற்குள்ளேயே ஒரு வரிசை தெரியும். என் மகன் காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி தூக்கத்துக்கு ஏங்கினான். நான் அவனை விழித்திருக்க வைக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன் என்பதே அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த வயதில் ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை மணி நேரம்தான் விழித்திருக்க முடியும். அதைத் தாண்டினால் களைப்பில் வீறிடும், தூங்கவும் முடியாமல் தவிக்கும்.

அந்த வரிசையைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தால் அதுதான் ஒழுங்கு. எழுந்ததும் பால், அப்புறம் கொஞ்சம் பேச்சு விளையாட்டு, களைப்புத் தெரிந்ததும் தூக்கம். இரவுத் தூக்கத்துக்கு முன் ஒரே மாதிரி மூன்று காரியம் போதும்: உடம்பைத் துடைத்து உடை மாற்றுவது, பால், ஒரு தாலாட்டு. எட்டு மணிக்கே என்று இல்லை, அரை மணி முன்பின் ஆகட்டும். மணி ஓரளவு நிலைப்பது மூன்று நாலு மாதத்தில். அதற்குள் நாலாம் மாதம் தூக்கம் மறுபடி உடைவதும் உண்டு, குழந்தையின் தூக்க முறையே மாறும் காலம் அது. தனியே தூங்கப் பழக்குவதை எல்லாம் அதற்கப்புறம் யோசிக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் இந்த வாரக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து இல்லாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

தூக்கி வைப்பதைப் பற்றி. மூன்று வாரக் குழந்தையைத் தூக்கிக் கெடுக்க முடியாது. கேட்டபோது தூக்குங்கள். ஆனால் தூக்கம் கண்ணைச் சுற்றும்போது குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாயாதீர்கள், அது உண்மையிலேயே ஆபத்து. உறுதியான, சமமான படுக்கையில், தலையணையும் போர்வையும் இல்லாமல், மல்லாத்திப் படுக்க வையுங்கள், உங்கள் அறையிலேயே. நாங்கள் இரவைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நான் தூங்கினேன். ஏப்பம் எடுக்க வைப்பது, டயப்பர், தட்டிக் கொடுப்பது எல்லாம் அவர். பாலுக்கு மட்டும் என்னிடம் கொண்டு வருவார், குடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான் நிதானமாக இருந்ததற்கு அந்த நாலு மணி நேரம்தான் காரணம்.

எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், டயப்பர் நனைவது குறைந்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், ஒழுங்கு, பழக்கம் என்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டு அப்போதே மருத்துவரிடம் கொண்டு போங்கள். மற்றபடி நாளைக் காலை திரையை விலக்கி வையுங்கள், எடை பார்க்க ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டு இன்னும் ஐந்து வாரம் கழித்துப் போதும்.