மஞ்சள் மின்னினால் நல்லதா?

கேள்வி: சந்தையில் வாங்கிய விரலி மஞ்சள் பளபளவென்று இருக்கிறது. தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன், தூள் அடியில் தங்கியது. அப்படியானால் கலப்படம் இல்லைதானே? – வாசகி, ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. அந்தத் தண்ணீர்ச் சோதனை கரையும் சாயத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். விரலிக்கு மினுமினுப்பு ஏற்றப் பூசும் லெட் குரோமேட் தண்ணீரில் கரையாது. கனமானது வேறு, மஞ்சளோடு சேர்ந்து சமர்த்தாக அடியில் உட்கார்ந்துவிடும். அதில் இருப்பது காரீயம், குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது. ஆய்வகத்தில் தூளை நைட்ரிக் அமிலத்தில் கரையவைத்து, கருவியில் காரீயத்தை அளப்போம். சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் வேறு கதை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் ஊதா கலந்த சிவப்பாகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நிறத்தைப் பார்த்ததும் "கலப்படம்!" என்று கத்திவிட்டேன். மூத்தவர் பேசாமல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார், சிவப்பு மறைந்தது. சுத்தமான மஞ்சளும் அமிலத்தில் சிவக்கும். தண்ணீர் விட்ட பிறகும் நிறம் நின்றால்தான் சாயம். அன்று முழுக்கக் கேலிதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, 40ஆம் பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், அடுத்த முறை கொஞ்சம் மங்கலான விரலியாகவே வாங்குங்கள். வேகவைத்துக் காயவைத்து டிரம்மில் உருட்டிய மஞ்சள் அவ்வளவாக மின்னாது.