ஊசி குத்தியதை யாரிடம் சொல்வது?

கேள்வி: கொழும்பில் தாதியர் பயிற்சி, இரண்டாம் வருடம். மூன்று வாரத்துக்கு முன்னர் நைட் டியூட்டியில், இரத்தம் எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. சிஸ்டர் ஏசுவார் என்ற பயத்தில் கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இரண்டுதான் போட்டிருக்கிறேன். நித்திரையே வருவதில்லை, அக்கா.
- பெயர் வேண்டாம், கொழும்பு

பதில்: தங்கச்சி, கையைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவியிருந்தால் அது சரியான வேலை. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தாலும்கூட ஊசிக்குத்தில் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான், அதனால் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வை. ஹெபடைடிஸ் பி அப்படியில்லை, பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு நூறில் முப்பது பேர்வரை தொற்றலாம், உனக்கோ மூன்றாவது ஊசி பாக்கி. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும், அந்த நேரம் போய்விட்டது, ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு நேரம் போகவில்லை. வைத்தியசாலையில் சொல்லத் தயக்கமென்றால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் இருக்கிற அரசாங்க பாலியல் நோய், எயிட்ஸ் கிளினிக்குக்கு நாளைக்கே போ, விஷயம் வெளியே போகாது. ஹெபடைடிஸ் பி, சி பற்றியும் அங்கேயே கேள்.

ஆனாலும் வைத்தியசாலைக்கு எழுத்தில் அறிவிக்கத்தான் வேண்டும். பிறகு ஏதாவது வந்தால், அது வேலையில் வந்தது என்று காட்ட உன் கையில் வேறு ஒன்றும் இருக்காது. இன்னொன்று, பாவித்த ஊசிக்கு மூடி போடவே கூடாது, அப்படியே கூரானவை போடும் பெட்டிக்குள் போட வேண்டும். அந்தப் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் இல்லாத வாட்டில் மாணவியை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்.

நான் படித்த காலத்தில் எனக்கும் குத்தியது. சொன்னேன். வாட்டு நிறைய நோயாளிகள் பார்த்திருக்க, "கவனமில்லாத பிள்ளை" என்று ஏச்சு விழுந்தது. அடுத்த மாதம் என் தோழிக்குக் குத்தியபோது அவள் வாயே திறக்கவில்லை, எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். இதை வாசிக்கும் சிஸ்டர்மாரே, ஏசுவதற்கு முன்னர் அந்தப் பிள்ளையை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஹட்டனிலிருந்து வந்திருக்கிறேன். வாட்டில் டியூட்டி மாறும்போது எல்லாம் வேகமான சிங்களத்தில் சொல்கிறார்கள், பாதி விளங்குவதில்லை. திரும்பக் கேட்டால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.
- மாணவி, மருதானை

பதில்: சிரிக்கட்டும், கேள். பஹலொவ என்றால் பதினைந்து, பனஹ என்றால் ஐம்பது. அவசரத்தில் ஒன்று மற்றதுபோல் காதில் விழும், மருந்தில் அது மூன்று மடங்குக்கும் மேல். அளவை இலக்கத்தில் எழுதி, அதை அவர்களுக்கே வாசித்துக் காட்டு, பிறகு கட்டில் டிக்கெட்டோடு, அதாவது நோயாளியின் மருந்தெல்லாம் எழுதியிருக்கும் குறிப்போடு, ஒப்பிட்டுப் பார். சிங்களத்தில் முதலில் இலக்கங்களையும் மருந்து கொடுக்கும் நேரங்களையும் பாடமாக்கு, மிச்சம் வாட்டிலேயே வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது.