ஷோகன் நாவலை இன்று படிக்கலாமா? வெள்ளைக்காரன் ஜப்பானைக் காப்பாற்றும் கதைதானே அது?

படிக்கலாம். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியைப் பார்த்தால், 1980இல் வந்த தொலைக்காட்சித் தொடரை வைத்தோ அதைப் பற்றி யாரோ பேசியதை வைத்தோ முடிவுகட்டிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. அந்தத் தொடர் முழுக்க வெள்ளைக்காரனின் கண் வழியாகத்தான் போகும், ஜப்பானியர் பேசுவதற்குப் பெரும்பாலும் சப்டைட்டில்கூடக் கிடையாது. ஜேம்ஸ் கிளாவெல் 1975இல் எழுதிய நாவல் அப்படியில்லை. டோரனாகா, மரிகோ, யாபு என்று ஜப்பானியப் பாத்திரங்கள் ஆளாளுக்கு மனசுக்குள் புகுந்து வெளியே வந்துகொண்டே இருப்பார். இலக்கியக்காரர்கள் இதைத்தான் குறை சொல்வார்கள், எனக்குப் பிடித்ததே இதுதான்.

காப்பாற்றுகிற கதையா என்பதற்கு வருகிறேன். ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த ஹிதேயோஷி 1598இல் சாகும்போது அவர் மகன் சின்னப் பையன். பையன் வளரும்வரை நாட்டைப் பார்த்துக்கொள்ள ஐந்து பெரிய பிரபுக்கள், ஒருவரையொருவர் எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, 1600 ஏப்ரலில், ராட்டர்டாமிலிருந்து புறப்பட்ட ஐந்து கப்பல்களில் ஒன்று ஜப்பானின் கியூஷூ தீவுக் கரையில் ஒதுங்குகிறது. உயிரோடு இருந்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர், எழுந்து நிற்க முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. இதெல்லாம் நடந்தது. அந்தக் கப்பலின் ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸ்தான் நாவலில் பிளாக்தார்ன், அந்த ஐந்து பிரபுக்களில் ஒருவரான தொகுகாவா இயேயாசுதான் டோரனாகா.

இந்த பிளாக்தார்ன் ஜப்பானைக் காப்பாற்றுகிறானா? அவனிடமிருந்து பீரங்கி, கப்பல் கட்டும் வித்தை, போர்த்துகீசியர் பற்றிய தகவல் என்று என்னென்ன கறக்கலாம் என்பதுதான் எல்லாருக்கும் கணக்கு. நாட்டின் தலையெழுத்தை மாற்றிய செகிகஹாரா போர் நாவலின் கடைசியில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது, அதிலும் அவன் இல்லை. அவனால் ஆகிற காரியம் என்னவென்றால், காட்டுக்கோழி ஜாதிப் பறவை ஒன்று அவனுக்குப் பரிசாக வருகிறது. தன் ஊர்ப் பழக்கப்படி பதமாகட்டும் என்று அதைத் தொங்கவிட்டு, யாரும் தொடக்கூடாது, தொட்டால் சாவு என்று விளையாட்டாகச் சொல்லி வைக்கிறான். அது அழுகி நாறி, ஈ மொய்த்து, ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. வீட்டு எஜமானன் சொன்னால் சொன்னதுதான் என்பதால் யாரும் கிட்டே போகவில்லை. கடைசியில் கிழட்டுத் தோட்டக்காரர் ஒருவர் அதை இறக்கிவிட்டு அதற்கான தண்டனையையும் ஏற்றுக்கொள்கிறார். தலை போய்விடுகிறது. பிளாக்தார்னுக்கு இது தெரிய வரும் இடத்தைப் படித்துவிட்டு இது வெள்ளைக்காரன் பெருமை பாடும் நூல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், டோக்கியோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில வருடம் குப்பை கொட்டியவன் நான். வீடு தேடிக்கொண்டிருந்த மாதத்தில்தான் இந்த நாவலைப் படித்தேன். தரகர் என் கண்ணெதிரிலேயே வீட்டு உரிமையாளருக்குப் போன் போடுவார், வெளிநாட்டவர்தான் ஆனால் ஜப்பானிய மொழி தெரியும் என்பார், அந்தப் பக்கம் என்ன பதில் வருமோ, போனுக்கே தலைவணங்கிவிட்டு வைப்பார். அப்புறம் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி வைத்து, தன் வீட்டில் துக்கம் நடந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பார். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. திட்டினால்கூடப் பதில் சொல்லலாம், இதற்கு என்ன சொல்வது? ஒருவழியாகக் கிடைத்த வீட்டுக்கு ரெய்கின் என்று ஒரு மாத வாடகையை உரிமையாளருக்கு நன்றியாகக் கொடுத்தேன், அது திரும்பி வராது. எதற்கு நன்றி? வாடகைதான் தருகிறேனே! இது போக உத்தரவாத நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம். சரி, இது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஜப்பானில் எல்லாரும் இப்படியில்லை என்பதும் எனக்குத் தெரியும், கருத்துப் பெட்டியில் வந்து சொல்ல வேண்டாம். ஆனால் எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டிருக்க, என்ன நடக்கிறது என்று தனக்கு மட்டும் புரியாமல் பிளாக்தார்ன் நிற்கிற பக்கங்களை ரயிலில் நின்றபடி படித்தபோது எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யோகோசுகாவில் ஆடம்ஸுக்கு இயேயாசு கொடுத்த ஹெமி நிலம் இருந்த பகுதியில், கெய்க்யூ ரயில் பாதையில் அன்ஜின்ஸுகா என்று, அவனுடைய ஜப்பானியப் பெயரான அன்ஜினை வைத்தே ஒரு நிலையம் இருக்கிறது. மேட்டில் மூச்சு வாங்க ஏறினால் ஒரு பூங்கா, அங்கே அவனுக்கும் அவன் ஜப்பானிய மனைவிக்குமாக இரண்டு கல் கோபுரங்கள். இங்கிலாந்தில் விட்டுவந்த மனைவிக்கும் மகளுக்கும் அங்கே இடமில்லை. அவன் 1620இல் ஹிராடோவில் செத்தான், ஊர் திரும்பவே இல்லை. நாவல் சாகசத்தில் இந்தக் கனம் கொஞ்சம் அடிபட்டுப் போகிறது என்பது என் குறை.

வரலாற்றுப் பிழைகள் உண்டா என்றால் உண்டு. மரிகோவுக்கு மூலமான ஹோசோகாவா கிராசியா என்ற நிஜப் பெண்ணும் ஆடம்ஸும் சந்தித்ததாகச் சான்று இல்லை, நாவலில் மரிகோவுக்கும் பிளாக்தார்னுக்கும் வரும் காதல் முழுக்கக் கற்பனை. தூரத்தில் உட்கார்ந்து எழுதிய வெள்ளைக்காரர்தானே என்பவர்களுக்கு ஒன்று மட்டும்: கிளாவெல் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டுச் சிங்கப்பூர் சாங்கி முகாமில் கைதியாகக் கிடந்தவர். அவர் வெறுப்பைக் கொட்டியிருந்தால்கூட யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆயிரம் பக்கத்துக்கு மேல், பொடி எழுத்து. பெயர்கள் குழப்பினால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 2024இல் வந்த தொடரை அப்புறம் பாருங்கள். நாவலை முடித்ததும் ஆடம்ஸ் 1611இல் எழுதிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள். இவர்களைக் கொன்றுவிடுங்கள் என்று போர்த்துகீசியர் நச்சரித்தபோது, எனக்கோ என் நாட்டுக்கோ இவர்கள் ஒரு கெடுதலும் செய்யவில்லையே, எந்த நியாயத்தில் கொல்வது என்று இயேயாசு மறுத்ததாக அதில் சொல்கிறான்.