வீட்டு விற்பனை (கம்ப்ளீஷன்) முடிந்த பிறகு வந்த பில்: "சரி" என்று பதில் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: லண்டன் ஹரோவில் 22 வருடம் இருந்த வீட்டை விற்றேன். ஊர்க்காரத் தம்பி என்று நம்பித்தான் விற்பனை வேலைக்கு அந்த சொலிசிட்டரிடம் (வக்கீலிடம்) போனேன். ஃபீஸ் 1,200 பவுண், பேங்க் ட்ரான்ஸ்ஃபருக்கு 60, அதற்கு மேல் வாட் வரி என்று எழுதிக் கொடுத்தார். கடைசியில் விற்ற காசிலிருந்து 1,950 பவுணும் வாட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினார். போன் எடுப்பதில்லை, எடுத்தாலும் எரிந்து விழுகிறார். சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் எஸ்ஆர்ஏவுக்குப் புகார் எழுதிவிட்டுக் கோர்ட்டுக்கும் போகலாம் என்றிருக்கிறேன். சரியா?

பதில்: ஐயா, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தையும் கூட அனுப்பிய மின்னஞ்சல்களையும் முழுக்கப் படித்தேன். உங்கள் மகளின் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்ட மனிதர் போனில் அப்படிப் பேசினால் மனசு நோகத்தான் செய்யும். ஆனால் அதற்காக பில்லில் ஒரு பென்னி கூடக் குறையாது. ஊர்க்காரர் என்பதும், மூன்று மாதம் இழுத்தடித்தார் என்பதும், வேறொரு சொலிசிட்டர் 900க்கே செய்திருப்பார் என்பதும் அப்படித்தான். நான் பார்ப்பது ஒன்றைத்தான். பில் கைக்கு வந்த பிறகு அந்தத் தொகைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டீர்களா, இல்லையா?

கம்ப்ளீஷன் அன்று காலை அவர் வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பியிருக்கிறார், நீங்கள் "சரி தம்பி, அனுப்புங்கோ" என்று போட்டிருக்கிறீர்கள். முறையான பில் வந்தது இரண்டு நாள் கழித்து. இந்த வரிசை உங்களுக்கு நல்லது. 2024 அக்டோபரில் மென்சீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: கட்சிக்காரரின் காசு தன் கையில் இருக்கிறது என்பதற்காக சொலிசிட்டர் அதிலிருந்து ஃபீஸைக் கழித்துக்கொண்டால், அது மட்டும் பில்லைக் கட்டியதாக ஆகாது. பில்லைக் கொடுத்து, இந்தத் தொகை என்று கட்சிக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். அது விபத்து இழப்பீட்டு வழக்கு, ஆனால் 1974ஆம் வருடத்து சொலிசிட்டர்ஸ் சட்டத்தின் அதே 70ஆம் பிரிவுதான் உங்கள் பில்லுக்கும். அன்றைக்கு நீங்கள் சொன்ன "சரி" பில் வருமுன் சொன்னது என்று வாதிட இடமிருக்கிறது.

அப்புறம், போன வாரம் அவருடைய அலுவலகத்திலிருந்து ஒரு சின்ன மின்னஞ்சல் வந்திருக்கிறது பாருங்கள், பில் கிடைத்ததா, எல்லாம் திருப்தியா, ஃபைலை மூடலாமா என்று. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்ததாகவே தெரியவில்லை, எனக்கோ மொத்தக் கட்டிலும் கவலை தருவது அந்த இரண்டு வரிதான். நம்மவர்கள் மரியாதைக்குப் பதில் போட்டே பழகியவர்கள். ஃபிளாட் ஒன்றை விற்ற ஒரு அம்மா இதே போன்ற மின்னஞ்சலுக்கு "எல்லாம் சரி, மிக்க நன்றி" என்று எழுதிவிட்டார். பில்லில் இருந்த தவறு கண்ணில் பட்டு என்னிடம் வந்தபோது 14 மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வரியால் பில் கட்டியதாக ஆகிவிட்டது, கட்டி 12 மாதம் தாண்டினால் அந்தப் பிரிவின் கீழ் பில்லைத் திறந்து பார்க்கக் கோர்ட்டுக்கே அதிகாரம் இல்லை. தவறு சொலிசிட்டர் பக்கம்தான் என்று எனக்குத் தெரிந்தும் அந்த அம்மாவைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நீங்கள் இன்னும் பதில் போடவில்லை என்கிறீர்கள். நல்லது. "சரி" வேண்டாம், "நன்றி" வேண்டாம், கட்டைவிரல் படமும் வேண்டாம்.

சரி, அப்படியானால் கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். பில் வந்த ஒரு மாதத்துக்குள் கேட்டால் அந்தத் தொகை நியாயமா என்று கோர்ட்டை மதிப்பிடச் சொல்வது உங்கள் உரிமை, அதற்குப் பிறகு ஒரு வருடம் வரை கோர்ட் விரும்பினால், அதுவும் நிபந்தனை போட்டு. ஆனால் அதே பிரிவில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஒரு விதி உண்டு, ஆட்கள் விழுவது அதில்தான். பில் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் மதிப்பீட்டுச் செலவு சொலிசிட்டர் தலையில், அவ்வளவு குறையாவிட்டால் பொதுவாக உங்கள் தலையில், பில் குறைந்திருந்தாலும் கூட.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,950இல் ஐந்தில் ஒரு பங்கு 390. சொன்னதற்கு மேல் அவர் போட்டது 690. அதில் மாடி அறைக்கான 250 போய்விட்டது, ஏனென்றால் கவுன்சில் சான்றிதழ் இல்லாத அந்த அறையைப் பற்றி வாங்குபவர் தரப்பு கேள்வி மேல் கேள்வி கேட்டபோது, இன்டெம்னிட்டி பாலிசி (அதற்கான காப்பீடு) எடுக்க வேண்டும், இந்த வேலைக்கு 250 கூட ஆகும் என்று அவர் எழுதியிருக்கிறார், "செய்யுங்கோ" என்று நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள். மிச்சம் 440. பத்திரத்தில் பெயருள்ள, கனடாவிலிருக்கும் உங்கள் அண்ணனின் அடையாளத்தைச் சரிபார்த்து, சாட்சி முன்னால் வீட்டைக் கைமாற்றும் டிஆர்1 படிவத்தில் கையெழுத்து வாங்கியதற்கு 200, "கூடுதல் கடிதப் போக்குவரத்து" 180, இரண்டாவது பேங்க் ட்ரான்ஸ்ஃபர் 60. இந்த மூன்றையும் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, செலவு ஏறும்போது கட்சிக்காரருக்குத் தெரிவிப்பது எஸ்ஆர்ஏ விதிப்படி அவருடைய கடமை. மோர்ட்கேஜ் இருந்தது முதல் நாளே தெரியும், பேங்கிற்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று இரண்டு முறை காசு அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும். அந்த 60ஐ அவர் கேட்டிருக்கவே கூடாது. கடிதப் போக்குவரத்து விற்பனை வேலையின் பகுதிதான், அதுவும் போகும்.

அண்ணன் விஷயம் அப்படியில்லை. பத்திரத்தில் இரண்டு பெயர் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அண்ணன் டொரொண்டோவில் இருக்கிறார் என்று நீங்கள் ஐந்தாவது வாரம்தான் சொல்லியிருக்கிறீர்கள். வேலையும் நடந்திருக்கிறது. அதில் பாதியாவது கொடு என்று கோர்ட்டில் சொல்வார்கள். ஆக பில்லில் குறைவது 180, 60, 100, மொத்தம் 340. ஐந்தில் ஒரு பங்குக்கு 50 பவுண் குறைவு. நியாயமாக உங்களுக்கு வர வேண்டியதை முழுசாக வாங்கிக்கொண்டு, இரண்டு பக்க வக்கீல் செலவையும் நீங்கள் கட்டுவீர்கள். அது ஆயிரக்கணக்கில் போகும். இந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன், எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்துக் கேளுங்கள்.

எஸ்ஆர்ஏவும் இதற்கு வழியில்லை. அவர்கள் நடத்தையைப் பார்ப்பவர்கள், பில்லைக் குறைப்பவர்கள் இல்லை. அதற்கு வக்கீல்கள் மேலான புகார்களைத் தீர்க்கும் லீகல் ஒம்புட்ஸ்மன் இருக்கிறது, உங்களுக்குச் செலவில்லை. ஆனால் முதலில் சொலிசிட்டரின் அலுவலகத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்தில் தீராவிட்டால் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அந்த அலுவலகத்தின் இறுதிப் பதில் வந்தால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போயாக வேண்டும். புகார் கொடுத்ததால் பில் மதிப்பீட்டுக்கான ஒரு மாதம் நின்றுவிடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். அரைப் பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். இந்தத் தொகைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை, இந்த மூன்று தொகையும் எனக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை, 440ஐயும் அதன் வாட்டையும் திருப்பித் தாருங்கள், இதை முறையான புகாராக எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 300 பவுணும் வாட்டும், அதாவது 360, கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். உங்கள் மனைவிக்கு நேர்ந்ததாக எனக்கு எழுதிய அவமானத்தை அதில் எழுதாதீர்கள், எழுதினால் அவர் அதற்கு மட்டும் பதில் சொல்வார். ஊர்ச்சங்கக் குழுவில் போட எழுதி வைத்திருக்கிறீர்களே, அதையும் அனுப்ப வேண்டாம். அதிலிருக்கும் "கள்ளன்" என்ற சொல்லுக்கு நாளைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். மின்னஞ்சலை இன்றிரவே அனுப்பிவிடுங்கள், பில் வந்து 19 நாள் ஆகிவிட்டது.