'இண்டியன் ஃபுட்': எந்த எழுத்து பெரிசு?

கேள்வி: டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பயோடேட்டாவில் 'இங்கிலீஷ்' என்பதைச் சின்ன எழுத்தில் தொடங்கினால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடுகிறது. 'ஃபிசிக்ஸ்', 'கெமிஸ்ட்ரி' என்று அடித்தால் போடுவதில்லை. போன வாரம் ஒரு ஹோட்டல் நோட்டீஸில், வாக்கியத்துக்கு நடுவில் வந்த 'இண்டியன் ஃபுட்' என்பதில் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து போட்டேன். ஹோட்டல்காரரின் மகள் அது தப்பு என்கிறாள். எதுதான் சரி?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: அந்தப் பெண் சொன்னதுதான் சரி. 'இண்டியன்' என்பதில் ஐ பெரிய எழுத்து, 'ஃபுட்' என்பதில் எஃப் சின்ன எழுத்து. உங்கள் குழப்பமும் நியாயமானதே. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. வாயால் சொல்லிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

ஆனால் சொல் மாறுகிற விதம் நமக்குப் பழக்கமானதுதான். இந்தியா, சீனா, காந்தி என்ற பெயர்கள் இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும்போது இந்திய உணவு, சீனப் பட்டு, காந்தியக் கொள்கை என்று ஆகின்றன இல்லையா? ஆங்கிலத்தில் அப்படி ஒரு ஊர், நாடு, ஆளின் பெயரிலிருந்து பிறக்கிற சொல்லைத்தான் ப்ராப்பர் அட்ஜெக்டிவ் என்கிறார்கள். இண்டியன், சைனீஸ், விக்டோரியன், காந்தியன் எல்லாம் இந்த வகை. பிறந்த வீட்டுச் சீதனம் மாதிரி, பெயருக்கு இருந்த பெரிய எழுத்தை இந்தச் சொல் கையோடு கொண்டுவந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொல்லுக்கு அதில் பங்கு இல்லை. அதனால்தான் 'ஃபுட்' சின்ன எழுத்தோடு நிற்கிறது.

பக்கத்துச் சொல்லும் பெரிய எழுத்து வாங்குகிற இடம் உண்டு. 'இண்டியன் ஓஷன்', 'இண்டியன் ரயில்வேஸ்' என்று இரண்டும் சேர்ந்தே ஒரு பெயராக இருந்தால் இரண்டுக்கும் பெரிய எழுத்து. மெனு கார்டிலும் போர்டிலும் தலைப்பு மாதிரி அடிக்கும்போது எல்லாச் சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம், அதில் தப்பில்லை. நீங்கள் அடித்தது வாக்கியத்துக்கு நடுவில் என்பதால்தான் பிழையாகிவிட்டது.

பயோடேட்டாவுக்கு வருவோம். மொழிகளின் பெயர்கள் நாட்டோடும் மக்களோடும் ஒட்டியவை. தமிழ், இங்கிலீஷ், ஹிந்தி, சான்ஸ்கிரிட் எங்கே வந்தாலும் பெரிய எழுத்துதான். ஃபிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் வெறும் பாடங்கள், வாக்கியத்தில் சின்ன எழுத்து போதும். 'பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்' என்று பட்டத்தைக் குறிப்பிடும்போது மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம். 'மொழிகள்' என்ற வரியில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்த பயோடேட்டாக்களை நான் நிறையப் பார்க்கிறேன். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். 'எனக்கு இங்கிலீஷ் தெரியும்' என்று அந்தப் பிள்ளை சொல்லுகிற வரியே அதைப் பொய்யாக்கிவிடுகிறது.

புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு படித்த பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். பிரெஞ்சு மொழியில் நாட்டுப் பெயரிலிருந்து வந்த அட்ஜெக்டிவுக்கும் மொழியின் பெயருக்கும் சின்ன எழுத்துதான். ஒரு நாட்டு ஆளைப் பெயர்ச்சொல்லாகக் குறிப்பிடும்போது மட்டுமே பெரிய எழுத்து. அந்தப் பழக்கம் இங்கிலீஷிலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

முன்னால் ஒட்டு சேர்ந்தாலும் சீதனம் போகாது. 'ஆன்டி-பிரிட்டிஷ்' என்பதில் ஆன்டிக்குச் சின்ன ஏ, நடுவில் ஒரு சிறு கோடு, அப்புறம் பெரிய பி.

இனி, உண்மையிலேயே யோசிக்க வைக்கிற இடம். சில சொற்கள் பிறந்த வீட்டை மறந்துவிட்டன. பால் பாக்கெட்டில் இருக்கும் 'பாஸ்சுரைஸ்டு' என்ற சொல்லைப் பாருங்கள். லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் பாலைச் சூடுபடுத்திக் கிருமி போக்குவதைத் தவிர இன்று அதற்கு வேறு அர்த்தமில்லை, அதனால் வாக்கியத்தில் சின்ன பி. டீசலும் அப்படித்தான், ருடால்ஃப் டீசல் என்ற ஆளை பெட்ரோல் பங்க்கில் யாரும் நினைப்பதில்லை. நம்ம ஊர்ச் சொல் ஒன்றும் இதில் இருக்கிறது. மெட்ராஸ் யூனிவர்சிட்டி என்றால் பெரிய எம். அதே 'மெட்ராஸ்' கட்டம் போட்ட பருத்தித் துணியைக் குறித்தால் அகராதிகளில் சின்ன எம். அந்தத் துணியை இன்று எந்த ஊரில் நெய்தாலும் பெயர் அதுதான். எனவே சந்தேகம் வரும்போது, இந்தச் சொல் இன்னும் அந்த ஊரையோ ஆளையோ காட்டுகிறதா என்று கேளுங்கள். காட்டினால் பெரிய எழுத்து, வெறும் பொருளாகிவிட்டால் சின்ன எழுத்து.

எல்லை எங்கே என்பதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. ரோமன் எண்களைக் குறிக்கும் 'ரோமன் நியூமரல்ஸ்' என்ற சொல்லில் ஆர் சின்னது என்றது சிகாகோ பல்கலைக்கழக நடைக் கையேட்டின் 2017 பதிப்பு. ஏபி செய்தி நிறுவனத்தின் கையேட்டில் அது பெரியது. எனக்குப் பெரிய ஆர்தான் சரியாகப் படுகிறது, ரோம் இன்னும் அந்தச் சொல்லில் தெரிகிறது. நீங்கள் எதை எடுத்தாலும் ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றி அடிக்காதீர்கள்.

சிவப்புக் கோட்டை மட்டும் முழுக்க நம்பிவிடாதீர்கள். நகத்துக்குப் போடும் 'பாலிஷ்', போலந்து நாட்டைச் சேர்ந்த 'போலிஷ்', இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங். பெரிய பி போட்டால்தான் போலந்து. சின்ன எழுத்தில் அடித்தாலும் சொல் சரியாகவே இருப்பதால் கம்ப்யூட்டர் கோடு போடாது. மாதப் பெயர்களிலும் இந்தத் தொல்லை உண்டு. மார்ச் என்றால் அணிவகுப்பு, மே என்றால் 'இருக்கலாம்' என்று சாதாரண அர்த்தங்கள் இருக்கின்றன. பிறந்த தேதி அந்த மாதங்களில் வந்தால், பிரின்ட் கொடுக்கும் முன் அந்த வரியை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.