'அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அடித்ததா, ஓய்ந்ததா?

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 5ல் படிக்கிறாள். தீ விபத்து பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், தீயணைப்பாளர்கள் கிளம்பிய பிறகு சத்தம் நின்றது என்ற பொருளில் 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்று முடித்திருந்தாள். ஆசிரியர் சிவப்பு வட்டம் போட்டுவிட்டார். 'தி லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது என்றுதானே பொருள்? அலாரத்துக்கு மட்டும் ஏன் வேறு? 'ஆஃப்' போன்ற சொற்கள் வரும் 500 தொடர்களை அட்டைகளாக 280 வெள்ளிக்குத் தருவதாகத் துணைப்பாட முகவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆசிரியர் வட்டம் போட்டது சரி. அந்த வாக்கியத்துக்கு அலாரம் அலறத் தொடங்கியது என்பதே பொருள். படிப்பவர் மறுபடியும் தீப்பிடித்துவிட்டது என்று எண்ணுவார்.

'ஆஃப்' என்பதன் அடிப்படை, விட்டு விலகுதல். பழைய ஆங்கிலத்தில் இதுவும் ஒற்றை எஃப் போட்டு எழுதும் 'ஒவ்'வும் ஒரே சொல். அழுத்திச் சொன்ன வடிவம் பின்னர் தனிச்சொல்லாகப் பிரிந்தது. காலணியைக் கழற்றினால் 'டேக் ஆஃப்', பேருந்தை விட்டு இறங்கினால் 'கெட் ஆஃப்', விலையில் கழித்தால் '20 விழுக்காடு ஆஃப்', வேலையை விட்டு விலகியிருக்கும் நாள் 'டே ஆஃப்'. எல்லாம் ஒரே வேர்.

நம் 'அடி'யை நினைத்துப் பாருங்கள். மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, சுவருக்குச் சாயம் அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள். தமிழ் பேசும் எந்தப் பிள்ளையும் இதைப் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. 'வென்ட் ஆஃப்'பும் அப்படித்தான்.

மகளிடம் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: 'வென்ட் ஆஃப்'புக்கு முன்னால் வரும் பொருள் சாதாரணமாக எப்படி இருக்கும்? விளக்கு, மின்விசிறி, மின்சாரம் ஆகியவை தொடர்ந்து ஓடுபவை. அவை 'வென்ட் ஆஃப்' என்றால் நின்றுவிட்டன. அலாரம், வெடிகுண்டு, துப்பாக்கி, பட்டாசு, கேமராவின் ஃபிளாஷ், காரின் ஏர்பேக் ஆகியவை வாய்மூடிக் காத்திருப்பவை. பிடித்துவைத்த விசை பிடியை விட்டு விலகியதும் அவை வேலையைக் காட்டிவிடும். ஆகவே அலாரம் அடித்தது, குண்டு வெடித்தது. கைப்பேசியும் இந்த வகைதான். கூட்டத்தின் நடுவே 'வென்ட் ஆஃப்' என்றால் அது அலறியது, அணையவில்லை. வேலையிடத்தில் அறிக்கை எழுதும் பெரியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். '3 மணிக்கு அலாரம் வென்ட் ஆஃப்' என்று எழுதினால், 3 மணிக்கு ஆபத்து தொடங்கியது என்று பதிவாகும். பால், மீன் 'வென்ட் ஆஃப்' என்றால் கெட்டுப்போயிற்று என்று கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று தமிழில் சொல்லிப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்திலும் 'ஆஃப் தி ஃபேன்' என்று எழுதும். சிங்கப்பூரில் பேச்சுக்கு அது ஓடும், தேர்வுத்தாளில் ஓடாது. 'டர்ன் ஆஃப் தி ஃபேன்' என்றும் எழுதலாம், 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' என்றும் எழுதலாம். ஆனால் 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்'. அதேபோல, ஓய்வுநாளை இங்கே 'ஆஃப் டே' என்கிறோம். பிரிட்டிஷ் வழக்கில் அது எதுவும் சரியாக அமையாமல் சொதப்பிய நாள். எழுத்தில் 'டே ஆஃப்' பாதுகாப்பானது.

இப்போது அந்த அட்டைகள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ ஆங்கிலத்தில் கோடிட்ட இடம் நிரப்பும் பத்தி ஒன்றில் 15 இடங்கள், 15 மதிப்பெண். அந்த 15ஐக் காட்டித்தான் பெற்றோரைப் பயமுறுத்துகிறார்கள். அங்கே விடையைத் தீர்மானிப்பது முன்னும் பின்னும் உள்ள வரிகள். அட்டையில் அந்த வரிகளே இல்லை. 'கால் ஆஃப்' ரத்து, 'புட் ஆஃப்' ஒத்திவைப்பு என்று ஒப்பித்த பிள்ளை, மழையால் நின்றுபோன விளையாட்டு விழா அடுத்த வாரம் நடக்கும் என்ற பத்தியில் தடுமாறும். கட்டுரைக்கு மனப்பாடம் செய்யச் சொல்லும் அலங்காரத் தொடர்களோ இன்னும் மோசம். ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். பள்ளித் தாள்களிலும் பல வெறும் அகரவரிசைப் பட்டியல்கள்தாம். பத்து வயதுக் குழந்தைக்கு ஏன் என்று சொல்லாமல் எத்தனை என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் முகவர்கள் கடை விரிக்கிறார்கள்.

செலவில்லாத வழி இது. ஒரு நோட்டில் நான்கு பக்கங்கள் ஒதுக்குங்கள்: விலகியது, நின்றது, சீறிக் கிளம்பியது, கெட்டது. நூலகப் புத்தகம் படிக்கையில் 'ஆஃப்' தென்பட்டால், முழு வாக்கியத்தையும் அதற்குரிய பக்கத்தில் எழுதட்டும். வாரத்துக்கு ஐந்து போதும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், மாணவர்களுக்கான கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபர்ட் அகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே 'ஆஃப்' என்று தேடாமல், 'கோ ஆஃப்' என்று இரண்டு சொல்லாகத் தேட வேண்டும்.

மகளின் கடைசி வரியை 'தி அலாரம் ஸ்டாப்ட் ரிங்கிங்' என்று திருத்தச் சொல்லுங்கள். அவள் எழுதிய 'வென்ட் ஆஃப்' வீணில்லை. கதையின் முதல் பத்தியில், புகை கிளம்பும் இடத்தில் அதை வைக்கலாம்.